இரண்டாவது இழை

போன ஞாயிற்றுக்கிழமை கலியாண வீட்டில் நான் போட்ட சத்தத்தைப் பற்றித்தான் இந்த வாரம் முழுக்க நம் சொந்தக்காரப் பெண்கள் நீங்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று என் காதுக்கு வந்தது. பேசுங்கள். கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஒருத்தி சொன்னாளாம். சொன்னவளுக்கும் எனக்கும் ஒரே வயது. என் மூளைக்கு ஒன்றும் வரவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

என்ன நடந்தது? புதுசாகக் கலியாணமான பிள்ளைகள் இரண்டு பேரும், கொடைக்கானலுக்குப் போய் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு வருகிறோம் என்றார்கள். அதற்கு உங்களில் ஒருத்தி, யார் என்று நான் சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரியும், "இந்தச் சின்னதையும் கூட்டிக்கிட்டுப் போங்க, துணைக்கு ஆச்சு" என்றாள். அந்தச் சின்னதுக்கு எட்டு வயது. பக்கத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இலையை மடித்துவிட்டு எழுந்து கத்தினேன். கத்தியதற்கு நான் வருத்தப்படவில்லை. ஏன் கத்தினேன் என்று தெரியாமல் நீங்கள் சிரிப்பதுதான் பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படியுங்கள்.

எனக்கும் அப்போது எட்டு வயது. காரைக்குடிக்குப் பக்கத்தில், இருபது பேர் புழங்கும் வீடு. அப்பாவை அப்பச்சி, அம்மாவை ஆத்தா என்போம்; ஓரகத்தி முதலானவர்களுக்கு அவள் ஆச்சி. வீட்டில் மூத்த தலைமுறை போய்ச் சேர்ந்துவிட்டதால் ஆத்தா வைத்ததுதான் சட்டம். சாவிக்கொத்து அவள் இடுப்பில். அந்தச் சத்தம் கேட்டால் சமையல்காரர்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்.

அப்பச்சிக்கு ஒரே தம்பி, என் சித்தப்பா. கலியாணமாகி நாற்பதாம் நாள் ரங்கோனுக்குக் கப்பல் ஏறியவர், மூன்று வருஷம் கழித்து அந்த ஆடியில்தான் திரும்பி வந்தார். அவர் மனைவி, என் சின்னாத்தா, அந்த மூன்று வருஷத்தையும் எங்கள் வீட்டில் வற்றல் காயவைத்தும் அப்பளம் இட்டும் கழித்தவள். பதினெட்டு வயது. சிரித்தால் மேல் உதடு ஒரு பக்கமாக ஏறும். "இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லையா?" என்று விசாரிக்கிற பெண்களிடம், கப்பலில் இருக்கிறவரைப் போய்க் கேளுங்கள் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

சித்தப்பா வந்து இறங்கிய வாரமே ஆத்தா ஒரு ஜோசியரைக் கூப்பிட்டாள். சின்னவர் மனைவிக்கு இந்த வருஷம் கரு தரித்தால் பெரியவர் உயிருக்கு ஆகாது, தை பிறக்கிறவரை தள்ளி வையுங்கள் என்று அந்த மனிதர் சொல்லி, தட்சணையும் ஒரு படி நெல்லும் வாங்கிக்கொண்டு போனார். ஆத்தாவுக்குத் தன் தாலிப் பயம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சித்தப்பா கார்த்திகையில் மறுபடி கப்பல் ஏற வேண்டும். தை பிறக்கட்டும் என்றால் இன்னும் மூன்று வருஷம் என்று அர்த்தம். அதை யோசிக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் மனசு வரவில்லை. சித்தப்பாவின் படுக்கை முகப்பில் ஆண்களோடு, சின்னாத்தாவின் படுக்கை உள்கட்டில் ஆத்தாவின் பக்கத்தில். மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே போயிற்று. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்ததுதான். அப்போது எனக்குத் தெரிந்தது, சித்தப்பா கொண்டுவந்த சிவப்புக் காகிதக் குடையைச் சின்னாத்தா வீட்டுக்குள்ளேயே விரித்துப் பார்த்துவிட்டு மடக்கி வைப்பாள் என்பது மட்டும்.

ஐப்பசியில் ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது சித்தப்பா பேச்சை எடுத்தார். ரங்கோனில் வெள்ளைக்காரர்கள் சனிக்கிழமை மத்தியானம் கடையைக் கட்டிவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு எங்காவது தண்ணீர்க் கரைக்குப் போய்விடுவார்கள், திங்கட்கிழமை காலை முகம் தெளிந்து வருவார்கள் என்றார்.

"தொண்டியில நம்ம சிநேகிதர் பங்களா சும்மாதான் கிடக்கு. ரெண்டு நாள் இவளக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாரேண்ணே. இவ கடலே பாத்ததில்ல."

அப்பச்சி இலையைப் பார்த்துக்கொண்டே, "போய்ட்டு வாயேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் ஆத்தாவின் முகத்தைப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் வெளியூர் போய்த் தங்குவது என்றால் கோயில், இல்லாவிட்டால் சாவு. இரண்டுக்கும் இருபது பேரும், பாத்திரமும், பாயும், மாட்டு வண்டிகளும் சேர்ந்து போகும். கணவனும் மனைவியும் மட்டும் போய்ச் சும்மா இருப்பதா? அப்படி ஒரு காரியத்துக்கு எங்கள் வீட்டில் வார்த்தையே கிடையாது. ஆத்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. புருஷன் வாயால் வந்ததை எல்லார் முன்னாலும் மறுக்க மாட்டாள். அதற்குப் பதிலாகச் சாமான் கட்டினாள். இரண்டு நாளைக்கு ஒரு மூட்டை அரிசி, முப்பது தேங்காய், இரண்டு தவலை, சீப்புச் சீடை ஒரு தகரம், மாவுருண்டை ஒரு தகரம். கடைசியாக என்னையும் சேர்த்துக் கட்டினாள்.

சாமான் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய், என் கன்னம் இரண்டையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"கெட்டியாக் கேட்டுக்க. படுக்கையில அங்குட்டு சித்தப்பா, இங்குட்டு சின்னாத்தா. நடுவுல நீ. எந்திரிச்சு எங்கயும் போகக் கூடாது."

"எதுக்காத்தா?"

"ஒங்க அப்பச்சி உசுரோட இருக்கணும்ல? அதுக்கு."

கேட்டீர்களா? எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா இது? அறுபது வருஷம் ஆகிறது. இன்னும் அந்த விரல்கள் என் கன்னத்தில் இருக்கின்றன.

காரில் முன்னால் சித்தப்பாவும் டிரைவரும், பின்னால் நானும் சின்னாத்தாவும் அரிசி மூட்டையும். தேவகோட்டை தாண்டியதும் சின்னாத்தா இழுத்துப் போர்த்தியிருந்த முந்தானையைத் தளர்த்திவிட்டாள். கருவேலங்காடும் பனையுமாக ஓடியது. காற்றில் உப்பு வாடை அடித்ததும் சித்தப்பா திரும்பிப் பார்த்து, "வந்துருச்சு" என்றார். அவள் சிரித்தாள். மேல் உதடு ஏறியது.

டிரைவர் எங்களை இறக்கிவிட்டு, திங்கட்கிழமை காலை வருவதாகச் சொல்லி ஊர் திரும்பினார். பங்களா என்றால் பெரிசாக நினைக்காதீர்கள். ஒரே அறை, சுற்றிலும் தாழ்வாரம், பின்னால் காவல்காரர் குடிசை. அலமாரியில் யாரோ விட்டுப்போன சங்கு ஒன்று இருந்தது. கடலைப் பார்த்ததும் சின்னாத்தா நின்றுவிட்டாள். நான் ஓடிப் போய்க் காலை நனைத்துவிட்டுத் திரும்பி வந்தேன், அவள் அதே இடத்தில் நின்றாள்.

"இம்புட்டுத் தண்ணியத் தாண்டியா போறீக?"

"இதவிட இன்னும் எம்புட்டோ இருக்கு."

"பயமா இருக்காதா?"

"போறப்ப இருக்கும். வாறப்ப இருக்காது."

அவள் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்தாள். பிறகு அதைக் கோபத்தோடு கீழே வீசினாள். சித்தப்பா சத்தமாகச் சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. ஒரே தட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். காவல்காரர் மனைவி வைத்த மீன் குழம்பில் முள் எடுத்து எடுத்து அவர் அவளுக்கு வைத்தார். சிவப்புக் குடையை விரித்துக்கொண்டு மணலில் நடந்தார்கள். காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டது. இரண்டு பேரும் ஓடினார்கள், பிடிக்க முடியவில்லை. குடை போனதற்கு ஒருத்தி இத்தனை சந்தோஷப்படுவாளா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் நான் நடுவில்தான் படுத்தேன். ஆத்தா சொன்னபடி, குச்சி மாதிரி. இரண்டாம் நாள் சாயங்காலம் காவல்காரர் வீட்டு ஆடு இரட்டைக் குட்டி போட்டது. ஒன்று வெள்ளை, ஒன்று நெற்றியில் மட்டும் கறுப்பு. எனக்கு அதை விட்டு வர மனசில்லை. அந்தக் கறுப்பு நெற்றிக்குட்டி என் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

"நான் இங்கயே படுத்துக்கிறேன் சின்னாத்தா."

அவள் தயங்கினாள். "ஆத்தாளுக்குத் தெரிஞ்சா வையும்டி."

"நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது."

சித்தப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னாத்தா என் தலையை ஒருமுறை தடவினாள். "சரி, சொல்லல" என்றாள். காவல்காரர் மனைவி எனக்குக் கிழங்கு அவித்துக் கொடுத்தாள். அவள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கினேன். எழுந்தபோது வெயில் குடிசைக்குள் வந்துவிட்டது. அப்போதுதான் அப்பச்சி ஞாபகம் வந்தது.

காரில் வரும் வழியெல்லாம் அப்பச்சி செத்துப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வாசலில் அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார். ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். "என்னடி, கடல் அலையடிச்சு நனைஞ்ச கோழி மாதிரி வார?" என்று அவர் சிரித்தார்.

ஆத்தா என்னைச் சாமான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நடுவுலதான படுத்த?"

"ஆமா."

"ரெண்டு நாளும்?"

"ரெண்டு நாளும்."

மாவுருண்டை ஒன்றை எடுத்து என் வாயில் வைத்தாள். பத்து நாளில் சித்தப்பா கப்பல் ஏறிவிட்டார்.

கார்த்திகைத் தீபம் வந்தது. அன்று தொடங்கி எங்கள் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் பேரப்பிள்ளைகளும் படிப்பார்கள். கோடி வேட்டியிலிருந்து நாளைக்கு ஓர் இழையாக இருபத்தொரு நாள் நூல் எடுப்போம். இருபத்தொரு இழையையும் ஒன்றாகத் திரித்துத் திரியாக்கி, நெய்யும் வெல்லமும் போட்டுப் பிசைந்த மாவில் வைத்து, நோன்பன்று சாயங்காலம் ஏற்றுவோம். எரிகிற திரியோடு அந்த மாவை அப்படியே வாயில் போட்டு மூடிக்கொள்ள வேண்டும். அதற்கும் இழை என்றுதான் பெயர். ஆளுக்கு ஓர் இழை. வயிற்றில் பிள்ளை இருப்பவளுக்கு மட்டும் இரண்டு. இரண்டாவது, பிள்ளைக்கு. எந்தப் பெண்ணும் நான் உண்டாகியிருக்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது இழைக்குக் கை நீட்டினால் போதும், வீடே குலவை போடும்.

வருஷத்துக்கு ஒரு முறை வீடு முழுக்கக் கூடி நிற்கிற நாள் அது. ஆவாரம்பூ வாசனையும் நெய் வாசனையுமாக இருந்தது. ஐந்து வகைப் பொரியும் கருப்பட்டிப் பணியாரமும் தட்டுத் தட்டாக இருந்தன. ஆத்தா ஒவ்வொருவருக்காக ஏற்றிக் கொடுத்தாள். எனக்குக் கொடுத்தாள், வாயை மூடிக்கொண்டேன். அடுத்து சின்னாத்தா. வாங்கினாள், வாயில் போட்டாள், கண்ணை மூடி விழுங்கினாள். நகரவில்லை. மறுபடியும் கையை நீட்டினாள்.

"இன்னொண்ணு குடுங்க ஆச்சி."

அவள் முகத்தில் இருந்த வெட்கத்தை நான் பார்த்தேன். அந்த மேல் உதடு. வீட்டில் யாரோ ஒருத்தி குலவைக்கு நாக்கைச் சுழற்றிக்கூட விட்டாள். ஆத்தாவைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

தட்டில் இன்னும் நான்கு இழை மிச்சம் இருந்தது. ஆத்தா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"யாரு புள்ளைக்கு?"

சின்னாத்தாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நீட்டிய கை அப்படியே நின்றது.

"என்ன கேக்குறீக ஆச்சி? ஒங்க கொழுந்தனார் புள்ளைக்குத்தான். தொண்டியில..."

"தொண்டியில ரெண்டு நாளும் எம்மக நடுவுல படுத்திருந்தா."

"முத நாள் படுத்திருந்தா. மறுநா காவக்காரர் வீட்டுல ஆட்டுக்குட்டியோட படுத்திருந்தா. சொல்ல வேண்டாம்னு அவதான் சொன்னா, அதான் சொல்லல. இந்தா நிக்கிறாள்ல, கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆத்தா கேட்டாள்: "எந்திரிச்சுப் போனியாடி?"

அப்பச்சி எனக்கு நேர் எதிரே நின்றார். நெற்றி நிறையத் திருநீறு. போனேன் என்று சொன்னால் இந்த இடத்திலேயே விழுந்து செத்துப்போவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. என் வாயில் மாவு இருந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

சின்னாத்தா என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்தால் சொல்லிவிடுவேன் என்று அவள் நம்பியிருக்க வேண்டும். நான் பொரித் தட்டைப் பார்த்தேன். மறுநாள் காலை அவளை நாட்டரசன்கோட்டையில் இருந்த அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நோன்பு முடிந்த பலகாரத்தைத் தூக்குச் சட்டியில் போட்டு ஆத்தாவே கொடுத்தனுப்பினாள். பலகாரம் கொடுக்காமல் பெண்ணை அனுப்பினால் மரியாதை இல்லையாம்! அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒன்று சொல்லுங்கள். வாசலில் கார் நின்றது. தொண்டிக்குப் போக இரண்டு மணி நேரம். காவல்காரர் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது. ஒருவரும் போகவில்லை. ஏன்? வெளியாளிடம் போய் நம் வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்டால் வீட்டுக் கௌரவம் போய்விடும். கௌரவத்தைக் காப்பாற்றக் கேட்காமல் இருந்தார்கள், கேட்காமலே அவளை ஊர் வாயில் போட்டார்கள். அப்பச்சி பெரிய மனிதர், நான்கு ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போகிறவர். தன் வீட்டு விஷயத்தில் வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு முகப்புக்குப் போய்விட்டார்.

மாசியில் ரங்கோனிலிருந்து கடிதம் வந்தது. அப்பச்சி படித்தார், வாய்விட்டுத்தான் படித்தார். பிள்ளை என் பிள்ளை, அவளுக்கு இழை கொடுக்காத வீட்டுக்கு நான் வர மாட்டேன் என்று இரண்டே வரி. ஆத்தா உடனே நாட்டரசன்கோட்டைக்குக் கார் அனுப்பினாள். கார் சும்மா திரும்பி வந்தது. "திமிரப் பாத்தீகளா? கூப்பிட்டும் வரல பாருங்க" என்றாள் ஆத்தா. என்னைப் பார்த்து, அப்போது நீ எங்கே படுத்தாய் என்று அவள் கேட்கவே இல்லை. சாகிறவரை கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் அல்லவா?

ஆடியில் சின்னாத்தாவுக்குப் பெண் பிறந்தது. அப்பச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்பது தாண்டி, பல் விழுந்து, பேரன் கலியாணம் பார்த்துவிட்டுத்தான் போனார். அந்த ஜோசியர் எப்போது போனாரோ, நல்ல இடத்துக்குப் போயிருக்க மாட்டார். சித்தப்பா அடுத்த முறை வந்தபோது நாட்டரசன்கோட்டையில்தான் இறங்கினார், அங்கேயே வீடு பார்த்துக்கொண்டார். ஊருக்கு வந்திருக்கும்போதெல்லாம் மூன்று பேரும் இரண்டு நாள் கடலுக்குப் போய்த் தங்கி வருவார்களாம். பண்டிகை மாதிரி அதைத் தவறவிட மாட்டார்களாம். எங்கள் வீட்டு நோன்புக்கு அவர்கள் பிறகு வந்ததே இல்லை.

எனக்குக் கலியாணமாகிப் பிள்ளைகள் பிறந்து, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு ஒரு தரம் நாட்டரசன்கோட்டைக் கோயிலில் சின்னாத்தாவைப் பார்த்தேன். பிரகாரத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். காலில் விழுந்தேன். என்னவெல்லாமோ சொல்ல நினைத்துவிட்டு, கடைசியில் இதுதான் வந்தது:

"அன்னைக்கு என் வாயில மாவு இருந்துச்சு சின்னாத்தா."

அவள் நூலை முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்தாள்.

"மாவு கரைய எம்புட்டு நேரம் ஆகும்?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள். கட்டிய பூவில் ஒரு முழம் கிள்ளி என் கையில் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் அவள் பத்து வருஷம் இருந்தாள். அப்போதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆத்தா மேல் எனக்கு இருக்கிற கோபம் பெரிது. இந்தப் பத்து வருஷத்துக்காக என் மேல் இருக்கிற கோபம் அதைவிடப் பெரிது.

போன ஞாயிற்றுக்கிழமை அதே கலியாணத்துக்குச் சின்னாத்தாவின் மகளும் வந்திருந்தாள். நரைத்த தலை, அவள் அப்பா மூக்கு. அவள் பந்தியில் வந்து உட்கார்ந்தபோது உங்களில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். அறுபது வருஷம் கழித்தும்! அதன் பிறகுதான் துணைக்கு ஒரு பிள்ளையை அனுப்பச் சொன்ன பேச்சு வந்தது. இப்போது புரிகிறதா, நான் ஏன் கத்தினேன் என்று? கொடைக்கானலுக்கு அந்தப் பிள்ளைகள் இரண்டு பேராகத்தான் போயிருக்கிறார்கள். அந்தச் சின்னது அதன் வீட்டில் இருக்கிறது. சத்தம் போட்டதில் அவ்வளவாவது நடந்தது.

இதை நீங்கள் ஒருத்தருக்கொருத்தர் படித்துக் காட்டுங்கள். சின்னாத்தாவின் மகள் காதிலும் விழும்படி படியுங்கள். அன்று என்னைக் கேட்டார்கள், தலையை ஆட்டினேன். இன்று வாயில் ஒன்றும் இல்லை, சொல்கிறேன்: இரண்டாம் நாள் நான் நடுவில் படுக்கவில்லை. ஆட்டுக்குட்டியோடு படுத்திருந்தேன்.